நுனி உள்ளே செருகிய முடிச்சு

இறந்தவர்களுக்காக அச்சிடும் நினைவு மலர்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் வருகிறவர்கள் ஒருவரும் வாழ்நாளில் கோபப்பட்டதாக நான் வாசித்ததில்லை. அக்காவின் முதலாம் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகள், என் மருமகள், கேட்டபோது, அப்படி ஒன்றை எழுத என்னால் ஏலாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அக்கா கோபக்காரர். கிணற்றடியில் செருப்போடு நின்றவர்கள் அவரிடம் ஏச்சு வாங்காமல் போனதில்லை. எலுமிச்சைப் புல்லை வெட்டி எடுக்காமல் பிடுங்கி எடுத்தவர்களுக்கோ மன்னிப்பே கிடையாது. மருமகள் சிரித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் மாமா என்றாள். ஆகவே எழுதுகிறேன். இதில் புல்லைப் பற்றி அதிகம் வரும். அக்காவைப் பற்றி எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா திருகோணமலையில், பாலையூற்றில் பிறந்தவர். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை. நான் நடக்கப் பழகிய காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைத்தார். கொஞ்சக் காலத்தில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டுச் சமைத்தார். இதை அவர் ஒரு தியாகமாக ஒருபோதும் சொன்னதில்லை. கணக்குப் பாடத்திலிருந்து தப்பினேன் என்றுதான் சொல்வார்.

அம்மா விட்டுப்போன பொருள்களில் ஒன்று கிணற்றடியில் நின்ற எலுமிச்சைப் புல். சந்தையில் சிங்களப் பெயரால் 'சேர' என்றும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெறும் 'புல்லு'தான். வேறு எந்தப் புல்லையும் நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடி வடியும் இடத்தில் அம்மா அதை நட்டிருந்தார். யாரும் பார்க்காமலே அது என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தப் புல்லைக் கசக்கினால் வருகிற மணம்தான் அம்மா என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புல் எங்கள் வீட்டில் பார்க்காத வேலை இல்லை. அப்பா மாலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வருவார். அக்கா புல்லை அவித்த வெந்நீரைப் பேசினில் ஊற்றி வைத்திருப்பார். அப்பா முழங்கை வரை அதில் கழுவிய பிறகுதான் எங்களைத் தொடுவார். தடிமன் பிடித்தால் இஞ்சியோடு புல் போட்ட தேத்தண்ணீர். நுளம்புக் கடி கூடினால் அக்கா காய்ந்த புல் தாளைக் கொளுத்திப் புகை போடுவார். புல் நிற்கிற வீட்டு வளவுக்குள் பாம்பு வராது என்று அப்பா அடித்துச் சொல்வார். ஒருநாள் அந்தப் புதருக்குள்ளிருந்தே ஒரு சாரைப் பாம்பு நிதானமாக வெளியே வந்து வேலிக்குள் போனது. அது புல்லின் மணம் தாங்காமல் போகிற பாம்பு என்று அப்பா அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

கறிக்குப் புல் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத காரியம். இலையை உதிரியாகப் போட்டால் கறி முழுவதும் நாராகிவிடும் என்று, இரண்டு மூன்று தாளைச் சேர்த்து மடித்து முடிச்சாகக் கட்டித்தான் எல்லோரும் பானைக்குள் போடுவார்கள். கறி இறக்கியதும் முடிச்சை எடுத்து எறிந்துவிடலாம். எங்கள் வீட்டில் எடுக்க மறந்துவிடுவார்கள். அது எப்படியோ என் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். சோற்றுக்குள் கயிறு கிடக்கிறது என்று நான் சத்தம் போடுவேன். ஒருநாள் கோபத்தில் அந்த முடிச்சை வாயில் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பல்லால் கடித்து இழுத்தேன். எலுமிச்சைப் புல்லின் விளிம்பு சவர அலகு மாதிரி. உதட்டோரத்திலிருந்து நாக்கு வரை வெட்டிவிட்டது. சோறெல்லாம் இரத்தம். அப்பா அன்றைக்கு என்னை ஏசவில்லை, அக்காவை ஏசினார். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்.

அடுத்த நாள் அக்கா கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு மடி நிறையப் புல்லை வைத்து முடிச்சுக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கீறல். கடைசியில் ஒரு முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மூன்று தாளை மடித்து, இரண்டு முறை சுற்றி, நுனிகளை எல்லாம் உள்ளுக்குள்ளே செருகியிருந்தார். எந்தப் பக்கம் தடவினாலும் கையில் ஒன்றும் குத்தவில்லை. பிள்ளைகள் விளையாடும் சின்னப் பந்து மாதிரி இருந்தது.

"இனி வெட்டாது. வெட்டினா எனக்குச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அக்கா கட்டியது அந்த முடிச்சு ஒன்றைத்தான். நானும் நன்றி கெட்டவனாக, கோப்பைக்கு வந்ததை எல்லாம் எடுத்து விளிம்பில் அடுக்கி வைத்துவிட்டு, "அக்கா, நுனி வெளிய வந்திட்டுது" என்று பொய் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் குசினிக்குள்ளிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைப்பார். ஊரில் மற்றப் பெண்கள் கட்டும் முடிச்சுகளுக்கு ரிபன் கட்டியது போல இரண்டு பக்கமும் வால் இருக்கும். என் மனைவி கட்டுவதற்கும் வால் உண்டு. அதைப் பற்றி நான் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. காரணம் வாசகர்களுக்கு விளங்கும்.

அக்கா கலியாணம் செய்து இலங்கைத்துறைக்குப் போனார். அத்தான் கடற்றொழில் செய்தவர், அதிகம் கதையாத மனிதர். திருகோணமலையிலிருந்து லாஞ்சியில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டிய ஊர். பொம்பிளை புறப்படும்போது அலுமாரி, பாய், பாத்திரங்களோடு ஈரச் சாக்கில் சுற்றிய புல்லும் லாஞ்சியில் ஏறியது. சீதனத்தோடு புல்லும் போகிறது என்று அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, லாஞ்சி போகும் வரை மற்றப் பக்கம் திரும்பியே நின்றார்.

கடற்கரை மணலில் அது வராது என்று அத்தானின் வீட்டார் சொன்னார்களாம். அக்கா முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, மாட்டெரு போட்டு, மீன் கழுவுகிற தண்ணீரை எல்லாம் அதற்கே விட்டார். இரண்டாம் மாரிக்கு அது பாலையூற்றில் நின்றதைவிடத் தடிப்பாக நின்றது. யாராவது போனால் முதலில் அதைத்தான் காட்டுவார். நட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது என்பார். நெருங்கி வளரவிட்டால் நடுவில் உள்ளது செத்துப்போகும், கிண்டி எடுத்துப் பிரித்துத் தள்ளித் தள்ளி நட வேண்டும், தாளை ஒரு சாண் விட்டு மேலே வெட்ட வேண்டும், நோகிறதென்று பார்க்கக்கூடாது. பிரித்தெடுத்த கிழங்குகளை வீடு வீடாகக் கொடுத்து, இலங்கைத்துறையில் புல் இல்லாத கிணற்றடியே இல்லை என்று ஆக்கிவிட்டார்.

தொண்ணூறில் சண்டை மீண்டும் தொடங்கியபோது அவர்கள் முதல் தடவை ஓடினார்கள். பிறகும் ஓடினார்கள். திரும்பி வரும்போது சில தடவை கூரை இருக்கவில்லை, ஒரு தடவை சுவரும் இருக்கவில்லை. புல் மட்டும் கருகின இடத்திலிருந்து துளிர்த்து நிற்கும். ஆடும் அதைத் தின்னாது, கள்ளனும் அதைத் தூக்கமாட்டான் என்பார் அத்தான். அவர் வாயிலிருந்து வந்த நீளமான வசனங்களில் அது ஒன்று.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். அப்பா காலமான பிறகு பாலையூற்று வளவில் பழைய வீட்டை இடித்துச் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். மேசன்மார் சீமெந்து குழைத்த தண்ணீரை எல்லாம் கிணற்றடியில் ஊற்றியிருக்கிறார்கள். அம்மா நட்ட புல் வெந்து செத்துப்போனது. குடிபுகுதலுக்கு வந்த அக்கா வீட்டைப் பார்க்கவில்லை, நேராகக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"அம்மாவின்ர புல்லை அவங்கள் சாகடிக்க, நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

அன்றைக்கு அவர் என் வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. என் மனைவிதான் போய்ச் சமாதானம் செய்து, மச்சாள், உங்கட புல்லில கொஞ்சம் கொண்டு வந்து தாங்கோ, நான் நட்டு வளர்க்கிறன் என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் முகம் தெளிந்தது. அடுத்த முறை தானே கொண்டு வந்து தன் கையால் நடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அடுத்த முறை இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் வந்தது. புல்லைக் கிண்டி எடுத்து, கிழங்குகளைப் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி, பனையோலையில் பின்னிய உமல் ஒன்றுக்குள் வைத்துக் குசினியின் பின்கதவில் கொழுவியிருக்கிறார். விடிந்து லாஞ்சி எடுக்க வேண்டும். விடிவதற்குள் மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. லாஞ்சியும் இல்லை, பாதையும் இல்லை. அக்கா சாக்குக் காயாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்துக்கொண்டு, சண்டை ஓயட்டும் என்று காத்திருந்தார். ஓயவில்லை. ஷெல் இலங்கைத்துறைப் பக்கமே வந்து விழத் தொடங்கியது. சனம் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடியது.

சனம் ஓடியது என்பது மட்டும்தான் அப்போது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. வாகரையில் கண்டதாக ஒருவர் சொன்னார். ஆற்றங்கரையில் விழுந்த ஷெல்லில் முடிந்த குடும்பங்களில் அவர்களும் அடக்கம் என்று இன்னொருவர் சொன்னார். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற ஒவ்வொரு முறையும் மூதூர் லாஞ்சி வந்துவிட்டதோ என்று என் மனைவி வாசலுக்கு வருவார். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. நல்ல மனதோடுதான் ஓர் உறவினர் வந்து, இனியும் பொறுக்காமல் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்துவிட்டால் அந்த ஆத்மா சாந்தியடையும் என்றார். அவரை நான் வெளியே போகச் சொன்னேன். அக்காவின் கோபம் எனக்கும் கொஞ்சம் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாகரையில் இருந்த சனம் காட்டு வழியாக மட்டக்களப்புக்கு வந்து முகாம்களில் இருக்கிறது என்று அறிந்ததும் போகத் தீர்மானித்தேன். தனியாகப் போக என் மனைவி விடவில்லை. அந்த நாள்களில் ஒரு தமிழ் ஆம்பிளை தனியே அவ்வளவு சோதனைச் சாவடிகளைக் கடந்து போய்த் திரும்பி வருவது நிச்சயமில்லை. குறிஞ்சாக்கேணியில் இருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் வந்தார். அத்தானிடம் வருடக்கணக்காகக் கருவாடு வாங்கிய வியாபாரி. அவருடைய சொந்தக்காரரும் மூதூரிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடி வந்து அவர் வீட்டில் நிறைந்திருந்தார்கள். அப்படியிருந்தும், வெங்காயம் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிற தன் லொறியில் என்னை ஏற்றினார். ஹபரணை, பொலநறுவை என்று சுற்றிக்கொண்டு போனோம். மறித்த இடமெல்லாம் இது என்னுடைய கணக்கப்பிள்ளை என்று சிங்களத்தில் சொன்னார். கணக்குப் பாடம் எனக்கும் வராது என்பது அவருக்குத் தெரியாது.

முகாம் முகாமாகப் போனோம். போன இடமெல்லாம் பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். அத்தானின் பெயர் எங்கும் இல்லை. இலங்கைத்துறை ஆட்களைக் கண்டு கேட்டால், ஆற்றைக் கடக்கும் வரை ஒன்றாக வந்தோம், பிறகு தெரியாது என்றார்கள். அதற்கு மேல் கேட்டால் அழுதார்கள். கடைசியாகப் போன முகாமிலும் பட்டியலில் பெயர் இல்லை. அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது, ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தினார். வேப்ப மரத்தின் கீழே இரண்டு கோப்பையில் சோறும் பருப்பும் பூசணிக்காயும் கொண்டு வந்து தந்தார்கள். இனி வீட்டுக்குப் போய் அந்த உறவினரைக் கூப்பிட்டு, கிரியைக்கு நாள் பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பருப்புல நல்ல மணமொண்டு இரிக்கி. ஆரோ சமைக்கத் தெரிஞ்ச பொம்புள."

நான் சோற்றைப் பிசைந்தேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். மூன்று தாள், இரண்டு சுற்று. எந்தப் பக்கத்திலும் வால் இல்லை.

கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சமையல் கொட்டிலுக்கு ஓடினேன். புகைக்குள் நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருவர் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தலை அரைவாசி நரைத்திருந்தது. ஆவணிக்கு முன் அக்காவுக்கு நரையே இல்லை. அதனால் அவரைத் தாண்டி மற்றவர்களைத்தான் பார்த்தேன். குனிந்து நின்றவர் நிமிர்ந்தார். முதலில் என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, நுனி வெளிய வந்திட்டுதோ?"

நாற்பது வயது கடந்த ஆம்பிளை நான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த முடிச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டு விழும் என்று நினைத்தேன். அவரும் என் பக்கத்தில் இருந்துவிட்டார்.

நடந்ததை நான் பிறகுதான் கேட்டறிந்தேன். அந்தக் காலத்தில் எல்லா வீடுகளிலும் போல அவர்கள் வீட்டிலும் அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புப் பத்திரம், இருந்த கொஞ்ச நகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஓடுவதற்கு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். நல்ல பையில் வைத்தால் கள்ளன் தூக்குவான் என்று, மீன் நாற்றம் அடிக்கும் பழைய உமல் ஒன்றில் வைத்துப் பின்கதவில் கொழுவியது அத்தானின் யோசனை. அதற்குப் பக்கத்து ஆணியில்தான் அக்கா எங்களுக்கான புல்லை இன்னொரு உமலில் கொழுவியிருந்தார். ஷெல் விழுந்த இருட்டில் அத்தான் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் பத்து வயது மருமகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். வெருகல் ஆற்றங்கரையில் வைத்துத் திறந்து பார்த்தால் புல்.

"அந்த நேரத்திலயும் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, தம்பி" என்றார் அக்கா. "உங்கட அத்தான்ர முகத்தை நீ பாத்திருக்க வேணும்."

சிரிப்போடு முடியவில்லை. அடையாள அட்டை இல்லாத மனிதரை எந்த முகாமிலும் தனிக் குடும்பமாகப் பதியமாட்டார்கள். வழியில் சந்தித்த அத்தானின் தமையன் தன் குடும்பத்தோடு சேர்த்து அவர்களையும் எழுதிவிட்டார். பட்டியலில் இருந்தது அவருடைய பெயர் மட்டும். அதனால்தான் நாங்கள் பார்த்த எந்தப் பட்டியலிலும் அத்தானின் பெயர் இல்லை. அந்த உமலை எறிந்துவிட்டு வா என்று ஆற்றங்கரையிலும் காட்டுக்குள்ளும் எத்தனையோ பேர் சொன்னார்களாம். தம்பி வீட்டுக்குக் கொடுக்க வெட்டினது, எப்படி எறிவேன் என்று அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். வாகரையில் கொஞ்சம் நட்டு, அதையும் விட்டு ஓடி, மிஞ்சிய கிழங்குகளை இந்த முகாமின் தண்ணீர்க் குழாயடியில் வைத்திருக்கிறார். மாரி ஈரத்தில் அது பிடித்துக்கொண்டது. அத்தனை சனத்துக்கும் சமைக்கிற கிடாரத்தில் போட அன்றைக்கு ஒரு முடிச்சுக்குத்தான் தாள் இருந்தது. அது எப்படியோ என் கோப்பைக்குத்தான் வந்தது.

கேள்விப்பட்ட நானா வெங்காய மூட்டை ஒன்றை இறக்கிச் சமையல் கொட்டிலில் வைத்தார். அத்தானைக் கண்டு, என்ன முதலாளி, கருவாட்டுக்குப் பதில் இப்ப புல்லு வியாபாரமோ என்று கேட்டார். அத்தான் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்ததை நான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

மீள்குடியேற்றத்தில் அவர்கள் இலங்கைத்துறைக்குத் திரும்பினார்கள். வீடும் இல்லை, பின்கதவும் இல்லை, ஆணியில் தொங்கிய மற்ற உமலும் இல்லை. காணி உறுதிக்கு அலைந்த அலைச்சலில் அத்தான் பாதி மனிதராகிப் போனார். சண்டை எல்லாம் முடிந்து சில வருடங்களில் அவரும் காலமானார். அவரை அக்கா அந்த உமலைச் சொல்லி ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. கோபக்காரர் என்று நான் தொடக்கத்தில் எழுதியதோடு இதையும் சேர்த்து வாசிக்கவும்.

புல்லை எனக்குக் கொண்டு வந்து தந்தார். மூதூர் லாஞ்சி மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, ஈரச் சாக்கோடு வந்து இறங்கி, சொன்னபடி தன் கையால் கிணற்றடியில் நட்டார். என் மனைவியைத் தண்ணீர் ஊற்ற விட்டார், என்னை விடவில்லை. அம்மா நட்டது பாலையூற்றிலிருந்து இலங்கைத்துறைக்குப் போய், ஆற்றையும் காட்டையும் கடந்து, பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இன்று எங்கள் வளவில் நிற்பது அதுதான்.

கடைசி வருடத்தை அக்கா எங்கள் வீட்டில் கழித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர இலங்கைத்துறை தூரமாகிவிட்டது. மாலையில் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தினால் எட்டின அளவுக்குக் காய்ந்த தாள்களைக் களைந்துகொண்டிருப்பார். மருந்துகளின் பலனாகவோ நோயின் பலனாகவோ, அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு தாளைக் கசக்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு என் மூக்கில் வைப்பார்.

"மணக்குதோ, தம்பி?"

"ஓம் அக்கா. நல்லா மணக்குது."

"அப்ப சரி" என்பார். திருப்தியோடு சாய்ந்துகொள்வார். கடைசி வாரம் கிணற்றடிக்குக் கொண்டு போக முடியவில்லை. தாளை வெட்டிக் கட்டிலுக்குக் கொண்டு போய்க் கொடுத்தோம். கசக்க விரலில் பலமில்லை. நான் கசக்கி மணந்து, மணக்கிறது என்று சொன்னேன். விடியற்காலையில், துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது, போய்விட்டார்.

அக்கா போய் ஒரு வருடமாகிறது. எனக்கு அறுபது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகளைத் தூக்குகிற வயதில் அக்கா வேண்டும் என்று அழுகிற மனிதனைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். மூதூர் லாஞ்சி வருகிற நேரத்தில் நான் இன்னும் வாசலுக்குப் போகிறேன். என் மனைவி காணாதது போல இருக்கிறார்.

நோயில் கிடந்தபோது முகம் கோணாமல் பார்த்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், செய்தி கேட்டதும் இலங்கைத்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் வளவை நிறைத்த உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று லொறியில் இடம் தந்த குறிஞ்சாக்கேணி நானாவுக்கு இப்போது நடக்க ஏலாது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, அந்தப் பருப்புக் கறியைப் பற்றித்தான் சொன்னார். முகாமில், பட்டியலில் பெயர் இல்லாத எங்களையும் சாப்பிடாமல் போகவிடாத அந்தப் பெரியவரின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்கோ அவர் பிள்ளைகள் கைக்கோ போனால், எங்கள் குடும்பம் அந்த ஒரு பிடி சோற்றை மறக்கவில்லை என்று அறிந்துகொள்ளட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அக்கா போன முப்பத்தோராம் நாள், வீட்டுக்கிருத்தியம் என்ற கிரியை முடிந்து, பந்தி வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தபோது பருப்புக்குள்ளிருந்து முடிச்சு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மூன்று தாள், இரண்டு சுற்று. அக்கா போய்விட்டார் என்பது அந்த ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது. எழுந்து குசினிக்குள் போனேன். அடுப்படியில் மருமகள் நின்றாள். ஏன் நுனியை உள்ளே செருகிக் கட்டுகிறாய் என்று கேட்டேன்.

"அம்மா அப்பிடித்தானே கட்டுறவா, மாமா" என்றாள். "ஏனெண்டு எனக்குத் தெரியாது. எல்லாரும் அப்பிடித்தான் கட்டுறவை எண்டு நினைச்சன்."

அன்று அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது இங்கே வாசித்துக்கொள்ளட்டும். முகாமில் அக்கா கேட்ட கேள்விக்கும் நான் அன்று பதில் சொல்லவில்லை. சிறுவயதில் சொன்னதெல்லாம் பொய்.

நுனி வெளியே வரவில்லை, அக்கா. ஒருநாளும் வந்ததில்லை.